கீழ்த்தளத்தில் வேங்கடமகி

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு என்னைத் தேடுகிறவர்கள் ஃபேரர் பார்க்கில் ஓவன் ரோட்டுப் பக்கம் ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வரலாம். எட்டாம் மாடியில் என் மகள் வயலின் கற்றுக்கொள்கிறாள். கீழே கல்மேசையில் உட்கார்ந்து, பையில் கட்டி வாங்கிய கோப்பியை நான் உறிஞ்சிக்கொண்டிருப்பேன். எட்டு மாடி இறங்கி மாயாமாளவகௌளை ராகம் என் காதுக்கு வந்து சேர்கிறது என்றால், பிள்ளை வில்லை எந்த அழுத்து அழுத்துகிறாள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்துச் சீனப் பாட்டிகள் இதுவரை புகார் கொடுக்காததுதான் இந்நாட்டு இன நல்லிணக்கத்தின் உச்சம்.

எதிர் பெஞ்சில் ஒரு மாமி. பேரன் அதே வீட்டில் வாய்ப்பாட்டு. போன வாரம் மாமிக்குக் கோபம். பையன் கைபேசியில் தம்புரா செயலியை ஓடவிட்டுப் பாடுகிறானாம்.

"அந்த நாள்ல இந்த மெஷினெல்லாம் ஏது சொல்லுங்கோ? பெரியவா வெச்சது வெச்சபடி. ஒரு சுரத்தைத் தொட மாட்டா, மாத்த மாட்டா. சுத்த சம்பிரதாயம்."

"ஆமாம் மாமி" என்றேன். மாமிகளோடு வாதாடி வென்றவர் யாரும் சிராங்கூன் சாலையில் உயிரோடு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மாமி பத்திரிகை படிப்பதில்லை.

மாமி சொல்லும் "அந்த நாள்" எங்கே இருக்கிறது என்று அளக்க நம்மிடம் ஒரு கோல் இருக்கிறது. இந்தப் பேட்டைதான் அந்தக் கோல். 1842இல் வெள்ளைக்காரக் கனவான்கள் ஒரு பந்தயச் சங்கம் வைத்து, இங்கிருந்த சதுப்பைத் திருத்தி, மறு ஆண்டு குதிரை விட்டார்கள். 1911இல் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியத்துக்காரர் அதே திடலிலிருந்து சிங்கப்பூரின் முதல் விமானத்தைக் கிளப்பினார். 1933இல் குதிரைகள் புக்கிட் தீமாவுக்கு வீடு மாறின. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் மிச்சம். இப்போது அங்கே மும்முரமாக ஓடுவது மீன்தலைக் கறி. 1919 முதல் 1931 வரை நகராட்சித் தலைவராக இருந்த ஃபேரரின் பெயர் திடலில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1819இல் ராஃபிள்ஸ் இந்தத் தீவில் கால் வைத்தபோது தியாகராஜர், சியாமா சாஸ்திரி, முத்துசாமி தீட்சிதர் மூவரும் உயிரோடு இருந்தார்கள். மும்மூர்த்திகள் நம்மூருக்குச் சமகாலத்து ஆட்கள். புராணத்தில் வைத்துக் கும்பிட வேண்டிய தூரம் அது இல்லை.

முதலில் மாமியின் தம்புராவையே எடுத்துக்கொள்வோம். சுருதி மீட்டுவதே வேலையாகக் கொண்ட கருவியாக அது 16, 17ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் தெளிவாகக் கண்ணில் படவில்லை என்பது இசை வரலாறு எழுதுகிற பலரின் கணிப்பு. சிலப்பதிகாரம் முழுக்கத் தேடினாலும் தம்புரா கிடைக்காது. அங்கே யாழ்தான் ராணி. யாழைப் பிற்காலத்தில் யாரோ ஆட்குறைப்புச் செய்து அனுப்பிவிட்டார்கள், இழப்பீடுகூடக் கொடுக்காமல். இரண்டு சுரத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு நீளக்கழுத்து வாத்தியம் முதன்முதலாக அவைக்கு வந்தபோது, அன்றைய மாமி என்ன சொல்லியிருப்பார்? "இதுக்கு வேற ஒண்ணும் வாசிக்கத் தெரியாதா?"

அடுத்து வீணை. தஞ்சாவூரை 1600 முதல் 1634 வரை ஆண்டவர் ரகுநாத நாயக்கர். சண்டையும் போடுவார், கவிதையும் எழுதுவார், வீணையும் வாசிப்பார். இப்படி எல்லாம் செய்கிற அரசனுக்கு எல்லாம் தெரிந்த அமைச்சர் ஒருவர் வேண்டும் அல்லவா? கோவிந்த தீட்சிதர் இருந்தார். 'சங்கீத சுதா' என்று ஒரு பெரிய இசை நூல் வந்தது. ஆசிரியர் ரகுநாத நாயக்கர் என்று நூலே சொன்னது. கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி பிற்பாடு தன் நூலில், அதை எழுதியவர் எங்கள் அப்பா என்று போட்டு உடைத்துவிட்டார். அமைச்சர் எழுதித் தர, தலைவர் பெயரில் வெளியிடுவது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை என்பது ஒரு பக்கம். அந்த உண்மையைச் சொல்ல வீட்டுப் பிள்ளை ஒருத்தன் வேண்டியிருந்தது என்பது மறுபக்கம்.

அதுவரை வீணையில் மெட்டுகள் நகரும். ராகத்துக்கு ராகம் மெட்டைத் தள்ளி வைக்க வேண்டும். கச்சேரி நடுவில் ராகம் மாற்றினால் தச்சு வேலை. ரகுநாதர் பெயரில் வழங்கும் வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் அழுத்தி நிரந்தரமாகக் குடிவைத்தார்கள், ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு வீதம். இனி எந்த ராகமும் வாசிக்கலாம், சாமான் தூக்க வேண்டாம். இன்று தஞ்சாவூர் வீணை என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்து நாம் பொட்டு வைக்கும் பொருள் இதுதான். அன்றைக்கு அது நவீனச் சாதனம். பழைய வித்வான் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "வீணையா கேட்டேன், ஏணியைக் கொண்டுவந்திருக்கிறாய்" என்று முணுமுணுத்திருப்பார் என்பது என் கற்பனை. முணுமுணுக்காமல் இருந்திருந்தால் அவர் வித்வானே இல்லை.

இந்த 24 மெட்டு வேங்கடமகி தலையில் ஒரு பூதத்தைக் கிளப்பிவிட்டது. ஸ்தாயிக்குப் பன்னிரண்டு இடம், ஏழு சுரம். எத்தனை விதமாக அடுக்கலாம்? கணக்குப் போட்டார்: 72. அதுதான் அவருடைய 'சதுர்தண்டி பிரகாசிகை'யின் புகழ்பெற்ற மேளக் கணக்கு, அதாவது தாய் ராகங்களின் கணக்கு. வீவக வாசிகளுக்கு இதை விளக்குவது சுலபம். பன்னிரண்டு மாடி, மாடிக்கு ஆறு வீடு. மாடியைச் சக்கரம் என்பார்கள். கீழ் ஆறு மாடியில் சுத்த மத்யமக் குடும்பங்கள், மேல் ஆறில் பிரதி மத்யமக் குடும்பங்கள். இன்று வழங்கும் வரிசைப்படி தோடி இரண்டாம் மாடி இரண்டாம் வீடு. என் மகள் வதைக்கும் மாயாமாளவகௌளை மூன்றாம் மாடி மூன்றாம் வீடு. சங்கராபரணம் ஐந்தாம் மாடி ஐந்தாம் வீடு. முகவரி சொன்னால் தபால்காரரே ராகம் பாடிவிடலாம்.

இதில் ஒரு சங்கதி. வேங்கடமகி வரைபடம் போட்டு முடித்தபோது, 72 வீட்டில் ஆள் இருந்தது 19 வீட்டில்தான். அந்த 19இலும் ஒன்றில், சிம்மரவம் என்று, அவரே ஒரு ஆளைப் பிடித்துக் குடிவைத்தார். மிச்சம் 53 வீடும் காலி. எந்தக் கட்டட நிறுவனமும் திவாலாகியிருக்கும். மனிதர் அசரவில்லை. பரமசிவனே வந்தாலும் இதில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று நூலிலேயே சவால் விட்டார். பரமசிவன் வரவில்லை. வந்தவர்கள் பின்னால் பிறந்த பாடகர்கள்.

அடக்கம் அவர் குணம் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சி, விஜயநகரத்து ராமாமாத்தியரை அவர் நடத்திய விதம். 1550இல் 'ஸ்வரமேளகலாநிதி' எழுதி இருபது மேளம் சொன்ன பெரியவர் அவர். போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. வேங்கடமகி அவரைத் தோண்டி எடுத்து வறுத்தார். மார்கழி சீசனில் விமர்சகர்கள் எழுதுவதைப் படித்து யாராவது கண்ணீர் விட்டால், பாவம், அவர்கள் வேங்கடமகியைப் படித்ததில்லை என்று அர்த்தம்.

கல்யாணி ராகத்துக்கும் அவரிடம் நல்ல பெயர் இல்லை. அது துருக்கருக்குப் பிரியமானது, கீதம் பிரபந்தம் போன்ற உயர்ந்த உருப்படிகளுக்குத் தோதுப்படாது என்ற ரீதியில் ஒதுக்கிவைத்தார். இன்றைக்குக் கல்யாணி இல்லாமல் எந்தக் கல்யாண வீட்டிலாவது நாதஸ்வரம் எழுந்திருக்குமா? வாடகைக்கு வந்த குடித்தனக்காரர் என்று அவர் முகம் சுளித்த ஆள் இன்று பதினோராம் மாடியில் சங்கத் தலைவர்.

பிற்பாடு ஐரோப்பாவிலும் இதே கிறுக்கு. 1722இல் பாக் ஒரு நூல் தொகுத்தார். பன்னிரண்டு சுரத்திலும் மேஜர் ஒன்று, மைனர் ஒன்று என்று 24 வாசல், ஒவ்வொன்றிலும் உருப்படி. பாக் வீட்டையும் கட்டி, விளக்கும் ஏற்றி, சாவியைக் கையில் கொடுத்தவர். நம்மவர் கட்டட அனுமதி வாங்கியதோடு சரி. 72 வீட்டுக்கும் விளக்கேற்ற மகா வைத்தியநாத ஐயர் 19ஆம் நூற்றாண்டில் ஒரே நீண்ட ராகமாலிகையோடு வந்தார். அப்புறம் கோடீஸ்வர ஐயர் வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஒரு தமிழ்க் கிருதி பாடி கிரகப்பிரவேசம் நடத்தினார். தமிழில் பாட முடியாது, ராகம் ஒத்துழைக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் மேல் அது நல்ல தண்ணி தெளிப்பு.

நாலாம் மாடி நாலாம் வீட்டில் மட்டும் ஒரு சின்னத் தகராறு. தியாகராஜர் கரகரப்ரியாவை அங்கே கோலாகலமாகக் குடிவைத்தார். முத்துசாமி தீட்சிதர் பரம்பரையோ வாசலில் இன்னும் ஸ்ரீராகம் என்ற பெயர்ப்பலகையை வைத்திருக்கிறது. நகர மன்றம் தலையிடவில்லை.

பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டுமானமும் ஒரு காலத்துப் புதுமைதான். சீர்காழி முத்துத்தாண்டவர் அதைத் தமிழில் சிதம்பரம் நடராஜர்மீது பாடி ஓடவிட்டது மும்மூர்த்திகள் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால். தியாகராஜர் அதன்மேல் சங்கதியைப் போட்டார்: ஒரே வரி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பூ வைத்து, கொஞ்சம் பொட்டு வைத்து. சியாமா சாஸ்திரி ஆட்டக்காரர்களின் ஸ்வரஜதியை எடுத்துச் சலங்கையைக் கழற்றிவிட்டுப் பாட்டுக்காரர்களிடம் கொடுத்தார். மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள், மூவரும் வெச்சதை வெச்சபடி வைக்காதவர்கள்.

சரி, வயலின். எட்டாம் மாடியிலிருந்து இன்னும் அது அழுதுகொண்டிருக்கிறது.

முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், பிறப்பு 1786. சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் முதலியார் வீட்டு ஆதரவில் குடும்பம் இருந்தது. முதலியாருக்குக் கம்பெனியாரோடு பழக்கம். கோட்டைக்கு அழைத்துப் போய் வெள்ளைக்காரர் பேண்டு கேட்க வைத்தார். பேண்டில் ஒருத்தர் தாடைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டியைச் செருகிக்கொண்டு இழுப்பதைப் பாலுசாமி பார்த்தார். தம்பிகள் எப்போதும் ஆபத்தானவர்கள். அண்ணன் காசிக்குப் போய் வீணை கற்று வந்தவர். தம்பி கோட்டைக்குப் போய் ஃபிடில் கேட்டார். மூன்று வருஷம் ஒரு ஐரோப்பியரிடம் பாடம். இந்தக் கதையை அச்சில் ஏற்றியவர் சுப்பராம தீட்சிதர், பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரன், சுவீகாரப் பிள்ளையும்கூட. 1904இல் எட்டயபுரத்திலிருந்து வந்த அவருடைய 'சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி'யில் இருக்கிறது. தாத்தாவைப் பற்றிப் பேரன் எழுதியது என்பதால் நான் ஒரு கைப்பிடி உப்போடு சாப்பிட்டேன், நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாத்தியத்தை வாங்கியதோடு நிறுத்தினார்களா? உட்கார வைத்தார்கள். அங்கே நின்றுகொண்டு வாசிப்பது; இங்கே சம்மணம் போட்டுத் தரையில். தாடையிலிருந்து விடுவித்து நெஞ்சில் சாய்த்து, தலைப்பகுதியை வலது காலில், கணுக்கால் பக்கம் ஊன்றினார்கள். இதை யோசித்துப் பாருங்கள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். செய்தித்தாளைத் தாண்டினால்கூட அம்மா திட்டுவாள். சரஸ்வதியின் புது வாகனம் ஒன்று கடல் கடந்து வந்து இறங்குகிறது. அதன் தலையை நேரே காலில் வைக்கிறோம். ஒரு சாஸ்திரியும் வாய் திறக்கவில்லை. இடது கை சுதந்திரமாக மேலும் கீழும் வழுக்கி ஓட வேண்டும், சுரத்தை அசைத்துக் கமகம் பிடிக்க வேண்டும், அதற்கு வாத்தியம் ஆடாமல் இருக்க வேண்டும். கமகத்துக்காக எந்த ஆசாரத்தையும் சற்றே தள்ளி உட்காரச் சொல்லலாம் என்று சபை முடிவெடுத்துவிட்டது.

தந்திகளையும் விடவில்லை. ஐரோப்பியர் நான்கு தந்தியை ஐந்தைந்து சுரம் தள்ளி நான்கு வேறு சுரத்தில் கட்டுவார்கள். நம்மவர்கள் ச-ப-ச-ப என்று இரட்டைக் குழந்தை மாதிரி இரண்டு ஜோடியாகக் கட்டினார்கள். இத்தாலியில் கிரெமோனாப் பட்டறையில் இந்தப் பெட்டியை இழைத்தவர்கள் எழுந்து வந்து பார்த்தால் தங்கள் பிள்ளையை அடையாளம் கண்டிருப்பார்கள், பேசுவதுதான் புரிந்திருக்காது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது என்றால் காரணம் எளிது. பாடகருக்குப் பின்னால் நிழல்போல வர ஆள் வேண்டும். வீணையில் மீட்டினால் ஒலி எழுந்து கரைந்துவிடும். வில் இழுக்கும்வரை வயலின் நிற்கும், குரல் மாதிரியே வழுக்கும், சத்தமும் போதும். தஞ்சை நால்வரில் இளையவர் வடிவேலு அதில் கொடிகட்டினார். 1834இல் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். கோட்டைப் பேண்டில் அது நுழைந்ததைப் பார்த்த தலைமுறை போவதற்குள் அரண்மனையில் யானைத் தந்தம். சிங்கப்பூரில் நிரந்தரவாசம் கிடைக்கவே இப்போது அதைவிட நேரம் ஆகிறது.

நம் கோலை வைத்து அளந்தால்: ஃபேரர் பார்க்கில் முதல் குதிரை ஓடியபோதும், 1855இல் சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் எழுந்தபோதும், பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் இருந்தார். 1850களின் இறுதியில்தான் காலமானார்.

அண்ணன் முத்துசாமியும் சும்மா இருக்கவில்லை. அதே பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். கிட்டத்தட்ட நாற்பது உண்டு. நோட்டுஸ்வரம் என்று பெயர். கமகம் கிடையாது, சங்கராபரணத்தின் நேர்சுரம், குழந்தைகளுக்கு இன்றும் முதல் வருஷத்தில் சொல்லித் தருவது. அதில் ஒன்று பிரிட்டிஷ் அரசகீதத்தின் மெட்டு. மூலப்பாட்டில் ஆண்டவன் அரசரைக் காப்பாற்ற வேண்டும். தீட்சிதர் அரசரை அப்படியே தூக்கிவிட்டு, 'என்னைக் காப்பாற்று' என்று சியாமளாம்பிகையிடம் விண்ணப்பம் போட்டார். மெட்டு கம்பெனியுடையது, மனு மட்டும் சொந்தம். காலனி ஆட்சிக்கு எதிராக இவ்வளவு மரியாதையான கீழ்ப்படியாமை வேறு எங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர் அரசியலே நினைக்காமல் நல்ல மெட்டு என்று எடுத்திருக்கவும் கூடும். எனக்கு என் விளக்கம்தான் பிடித்திருக்கிறது.

இந்தப் பேட்டையில் அதைக் கேட்கும்போது கூடுதல் ருசி. சுற்றிலும் கிச்சனர் ரோடு, பீட்டி ரோடு, ஜெலிக்கோ ரோடு, வெர்டன் ரோடு. முதல் உலகப் போரின் தளபதிகளும் போர்க்களங்களும் தெருத்தெருவாக நிற்கிறார்கள். அவர்கள் நடுவே ஏழு வயதுக் குட்டி ஒருத்தி அவர்களுடைய அரசகீதத்தில் அம்பாளைக் கூப்பிடுகிறாள். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை இந்த மைதானத்தில் ஆயிரக்கணக்கில் நிறுத்தி ஜப்பானியரிடம் ஒப்படைத்த அன்று, மூலப்பாட்டுக்கு இங்கே வேலை போய்விட்டது. தீட்சிதர் பதிப்புக்கு வேலை இன்னும் இருக்கிறது.

கச்சேரி முறை பற்றி இரண்டு வரி போதும். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாகச் சில கிருதி, பெரிய ராகம், பல்லவி, கடைசியில் துக்கடா என்ற அந்த வரிசையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். ஃபேரர் பார்க்கிலிருந்து குதிரைகள் வெளியேறிய காலத்தை ஒட்டியது அது. 1949இல் சிஃபாஸ் என்று நாம் அழைக்கும் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் தொடங்கியபோது, இந்த 'அநாதியான' முறைக்குப் பள்ளிப் பிள்ளையின் வயதுதான்.

வந்த எல்லோரையும் உள்ளே விட்டோம் என்றும் இல்லை. ஹார்மோனியத்துக்கு 1940இல் அகில இந்திய வானொலி தடை போட்டது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்க முடியாது என்பது குற்றப்பத்திரிகை. பெட்டியைத் திட்டி முன்னின்று எழுதியவர் ஜான் ஃபோல்ட்ஸ், வானொலியில் மேற்கத்திய இசையைக் கவனித்த ஆங்கிலேயர். நம் சுத்தத்தைக் காக்க ஐரோப்பியப் பெட்டியை ஐரோப்பியரே விரட்டினார். ஐரோப்பிய வயலின் அதே நிலையத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தது.

மணி பதினொன்றரை. மாமியின் பேரன் கைபேசியோடு இறங்கி வந்தான். பின்னாலேயே என் மகள். அவளுடைய வயலின் சீனாவில் செய்தது. அதன் அடிப்பக்கத்தில் தாடைக்கட்டை ஒன்று திருகி வைத்திருக்கிறது. ஜெர்மானிய வித்வான் லூயி ஷ்போர் 1820 வாக்கில் நின்று வாசிப்பவர்களின் வசதிக்காகக் கண்டுபிடித்த பொருள் அது. தரையில் உட்கார்ந்து, நெஞ்சில் சாய்த்து, காலில் ஊன்றி வாசிக்கும் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கழற்றிவிடலாமா என்று ஆசிரியையிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"வேண்டாம் சார். அது எப்பவும் அங்கதான் இருக்கும்" என்றார்.